சட்டமூலம் சட்டமாகுமுன் உரிமையைக் காட்டித் தடுப்பது எப்படி

இலங்கையில் ஒரு சட்டமூலம் நிறைவேறிச் சான்றுரைக்கப்பட்டுவிட்டால், அது செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிடுகிறது. ஆகவே மலையகத்தில், ஹட்டனிலும் பதுளையிலும் தொழிற்சங்க வேலை பார்ப்பவர்கள் வர்த்தமானியில் கண்வைத்திருக்க வேண்டும். பாராளுமன்ற அலுவல் நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏற ஒரு வாரத்துக்கு முன்பாவது சட்டமூலம் வர்த்தமானியில் வந்தாக வேண்டும். ஏறிய பிறகு அதை எதிர்த்து நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில் மனுப்போடக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

முரண்பாடு எழுந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சட்டமூலத்தின் கடைசி வாசகம் (பிரிவு) பெரும்பாலும் சொல்லும். சிங்களம் வாசிப்பவர் ஒருவரோடு உட்கார்ந்து தமிழ், சிங்களப் பிரதி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே அது தொடும் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை உறுப்புரையைக் குறியுங்கள். 12 சமத்துவம், 13 கைது, 14 பேச்சு, கூட்டம், தொழிற்சங்கம். இவற்றுக்கு முரணான சட்டத்தையும் 225 பேரில் 150 பேர் வாக்களித்தால் நிறைவேற்றலாம். 10 (மனச்சாட்சி, மதம்), 11 (சித்திரவதை) ஆகியவற்றுக்கு முரணானால் சர்வசன வாக்கெடுப்பும் தேவை. அதனால் 10, 11 ஐத் தொடும் வாசகம் இருந்தால் மனுவில் அதையே முதலில் வையுங்கள். 14க்கு 15 ஆம் உறுப்புரை வரம்பிட அனுமதிக்கிறது. தேசிய பாதுகாப்பு என்ற பதில் நிச்சயம் வரும். வாசகம் அந்தத் தேவையைத் தாண்டி எங்கே அகல்கிறது என்று சொல்லைச் சுட்டிக் காட்டுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குமிடம் வேறு. சட்டமூலத்தில் நம் மலையகத் தமிழ்ச் சமூகத்தின் பெயர் இருக்காது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்திலும் இருக்கவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமையேற்றும் சட்டத்தை அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(2) தடுத்திருந்தும், 1953 இல் கோடகன் பிள்ளை வழக்கில், அன்று இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மலையகத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவராய், வாக்கற்றவராய் நின்றார்கள். எனவே விளைவை எழுதுங்கள்: ஒரு வாசகம் காணி உறுதியோ தனி முகவரியோ கேட்டால், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவருக்கு என்ன நேரும் என்பதை 12 இன் கீழ் விவரியுங்கள்.

மனுவை எந்தப் பிரஜையும் போடலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாயிருந்தால் சங்கமும் போடலாம். கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும்போதே ஒரு பிரதி சபாநாயகருக்கும் போய்ச்சேர வேண்டும், இதைத் தவறவிடாதீர்கள். தீர்மானத்துக்கு மூன்று வாரம். அதுவரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தை நகர்த்த முடியாது.

எந்த வாசகத்தை எப்படித் திருத்தினால் முரண் நீங்கும் என்றும் நீதிமன்றம் சொல்லலாம். பாராளுமன்றம் வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் அந்தத் திருத்தம் நீதிமன்றம் சொன்னபடி சேர்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள், சட்டமான பிறகு கேட்க வழியில்லை. அப்புறம் மிஞ்சுவது 126 ஆம் உறுப்புரை: அந்தச் சட்டத்தை வைத்து ஓர் அதிகாரி உங்கள் உரிமையை மீறினால், ஒரு மாதத்துக்குள் மனு.