ஓவியமும் வரலாறும் சேர்த்துப் படிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மொரீசியசில் நம் பிள்ளைகள் ஓவியத்தோடு வரலாற்றையும் பாடமாக எடுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் பலரும் முதலில் சறுக்கும் இடம் ஒன்றுதான்: படத்துக்குக் கரு எடுத்துக்கொள்ள மட்டும் வரலாற்றைத் திறப்பது. நானும் அங்கேதான் விழுந்தேன்.

முதலாம் ஆண்டில், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துக் கரியால் வரைந்தேன். நேராக முறைக்கும் கண்கள், இறுகிய உதடு. 'பூட்டனின் வைராக்கியம்' என்று தலைப்பும் வைத்தேன். விரிவுரையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் படத்தை எடுத்தது யார்? எதற்காக?"

பதில் இல்லை. தேடிப் படித்தேன். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த இந்தியத் தொழிலாளரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். இல்லாமல் போலீசிடம் சிக்கினால் கைதுதான். நான் வரைந்த முகமும் அப்படி ஒரு சீட்டுக்காக எடுத்ததே. இந்தக் கொடுமையை எதிர்த்து 1871இல் தோட்ட நிர்வாகி அடோல்ஃப் தெ பிளெவிட்சின் துணையோடு 9,401 பேர் மனு கொடுத்தார்கள். மறுபடி வரைந்தபோது முகத்தைச் சிறிதாக்கி, பதிவெண்ணையும் எழுத்தரின் கையெழுத்தையும் தாள் நிறைய வரைந்தேன்.

மொரீசியசில் நம்மவர் கதை முழுவதையும், ஒப்பந்தத் தொழிலாளர் வரவின் தொடக்கமாகச் சொல்லப்படும் 1834இல் தொடங்குவது இன்னொரு தவறு. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பலில் வந்த 36 பேரும் கல்கத்தாவிலிருந்து ஏறியவர்கள். தமிழ்க் கைவினைஞர்களோ அதற்கு வெகு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்து போர்ட் லூயியில் கட்டட வேலை செய்தவர்கள். கலை படிக்கும் பிள்ளை அந்தக் கொத்தனாரையும் தச்சரையும் விட்டுவிட்டால் எனக்கு மனசு கேட்காது.

வரலாற்றுக் கட்டுரையிலும் கவனம் வேண்டும். இன்று கோபுரத்தில் காணும் வண்ணத்தை அப்படியே நூறு வருஷத்துக்கு முந்தைய ரசனைக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் வர்ணம் மாறுகிறது. கோயில் கமிட்டிப் பெரியவரிடம் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவர் இங்குள்ள பேச்சு மொழியான கிரியோலில் சொன்னால் கிரியோலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நல்ல தமிழில் மாற்றி எழுதும்போது பாதி விஷயம் கழன்றுவிடும்.

பெயர்களும் அப்படித்தான். பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதை நீங்களாகத் திருத்தி 'வீரப்பன்' ஆக்கிவிட்டால், பிறகு அதே ஆளைத் தேடுபவருக்குக் கிடைக்க மாட்டார். இருக்கிறபடி எடுத்தெழுதி, உங்கள் ஊகத்தைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

நேர விஷயம்: எண்ணெய் வண்ணம் காயவே நாள் பிடிக்கும், ஆவணம் பார்க்கவும் முன்கூட்டிக் கேட்க வேண்டும். இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.