முதலில் கெட், அப்புறம்தான் ஜாயின்

மொரிஷியஸின் எபேனில் புதிதாக மென்பொருள் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் குறிப்பு. தைப்பூசக் காவடி முடிந்ததும் கோயில் படங்களை ஆயிரக்கணக்கில் சுருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் நிரல்மொழியின் மல்டிபிராசஸிங் கொண்டு வேலையை ஒரே நேரத்தில் ஓடும் நான்கு பிராசஸ்களுக்குப் பிரிக்கிறீர்கள். இரண்டு சிறிய படங்களை வைத்துச் சோதித்தால் நன்றாக ஓடும். மொத்தப் படங்களையும் கொடுத்தால், பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் அப்படியே நின்றுவிடும்.

பெரும்பாலும் காரணம் ஜாயினை (join, பிராசஸ் முடியும்வரை காத்திருப்பது) முன்னதாக அழைப்பதுதான். பிராசஸ்கள் தங்கள் முடிவுகளைத் திருப்பி அனுப்பும் வரிசைதான் கியூ (Queue). அதில் போடும் தரவு உடனே மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை. அது பிக்கிள் ஆகி (பைட்டுகளாக மாறி), பின்னணியில் ஓடும் ஒரு த்ரெட் வழியாகப் பைப்புக்குள் இறங்குகிறது. லினக்ஸில் அந்தப் பைப் வழக்கமாக 64 கிலோபைட்தான் கொள்ளும். நிரம்பிவிட்டால், யாராவது எடுக்கும்வரை அந்தப் பிராசஸ் முடியாது. நீங்களோ அது முடியட்டும் என்று ஜாயினில் நிற்கிறீர்கள். இரண்டும் நகராது.

ஆகவே கெட் (get, கியூவிலிருந்து எடுப்பது) செய்து கியூவைக் காலி செய்யுங்கள், பிறகு ஜாயின். காலியா என்று பார்க்க எம்ப்டியை (empty) நம்பாதீர்கள், அதன் பதில் உறுதியானதல்ல. ஒவ்வொரு பிராசஸும் கடைசியாக, முடிந்தது என்பதற்கு அடையாளமாக, ஒரு நன் (None, ‘எதுவுமில்லை’ என்னும் மதிப்பு) அனுப்பட்டும். நான்கு நன் வந்தால் எல்லாம் வந்துவிட்டது.

இன்னொன்று, படத்தையே கியூவில் தள்ளாதீர்கள், கோப்பின் பாதையை மட்டும் அனுப்புங்கள். பெரிய தரவைப் பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால் பைத்தான் 3.8 முதல் ஷேர்டு மெமரி (பிராசஸ்கள் பகிரும் நினைவகம்) இருக்கிறது: ஒவ்வொரு பிராசஸிலும் குளோஸ் (தன் இணைப்பை மூடுவது), கடைசியில் ஒரே ஒரு முறை அன்லிங்க் (நினைவகத்தையே விடுவிப்பது).