மானிட்டரில் தெரிகிற நிறம் பிரிண்டிலும் வர என்ன செய்யலாம்?

ஏற்காடு பகோடா பாயின்ட்டில் நின்று எடுத்த பனிமூட்டப் படம் கம்ப்யூட்டரில் கண்ணைப் பறிக்கும், அதையே சேலத்துக்கு இறங்கி வந்து போட்டோ லேபில் 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு வாங்கினால் இருட்டடித்துப் போயிருக்கும். உடனே லேப்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், பெரும்பாலும் கோளாறு நம் மானிட்டரின் பிரைட்னஸில்தான். திரை தானாகவே ஒளி விடுகிறது, தாளோ தன்மேல் விழுகிற ஒளியைத் திருப்பித் தருவதோடு சரி. புது மானிட்டர் பலவும் 250, 300 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் எரிகின்றன, வீட்டு அறையில் வெள்ளைத் தாளிலிருந்து 100 நிட் கிடைத்தாலே பெரிது. அவ்வளவு பளிச்சென்ற திரையில் உட்கார்ந்து திருத்தும்போது படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போவோம், குறைத்தது அத்தனையும் தாளில் இருட்டாக வந்து நிற்கும்.

அதனால் முதல் வேலை பிரைட்னஸ். லேபில் பயன்படுத்துகிற அதே பேப்பரில் ஒரு வெற்றுத் துண்டு கேட்டு வாங்கி, நல்ல வெளிச்சத்தில் மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வெள்ளையும் ஒரே மாதிரி தெரிகிற வரை பிரைட்னஸை இறக்குங்கள். முதல் நாள் திரை மங்கிவிட்டது போலத்தான் இருக்கும், கண் பழகிவிடும். நைட் லைட், விவிட் மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி (திரைகளும் லேப்களும் பொதுவாகப் பின்பற்றுகிற நிற வரம்பு) மோடு இருந்தால் அதில் வையுங்கள்.

வெளிச்சம் சரியான பிறகும் நிறம் இழுக்கிறதென்றால் கேலிப்ரேட்டர் வேண்டும். ஸ்பைடர், கேலிபிரைட் போன்ற கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால், அது நிறத்துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து அந்த மானிட்டருக்கென்று ஒரு ஐசிசி புரொஃபைல், அதாவது அது நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்கிற குறிப்பு ஃபைல், எழுதித் தரும். இலக்கு: வெள்ளையின் நிறம் 6500 கெல்வின், காமா (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் உள்ள சாயல்களின் ஏற்றம்) 2.2, வெளிச்சம் 80 முதல் 120 நிட். மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் கழித்து அளப்பது நல்லது. ஒருவருக்கு விலை அதிகம்தான், நாலு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். இது இல்லாமல், கையில் இருக்கிற பிரிண்டைப் பார்த்துப் பார்த்து மானிட்டரின் சிவப்பு, பச்சையைத் திருகிப் பொருத்துகிறவர்கள் நிறையப் பேர், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேப்பரோ லேபோ மாறினால் எல்லாம் குலைந்துவிடும்.

அடுத்து ஃபைல். பெரும்பாலான லேப் மெஷின்கள் எஸ்ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கும், அதைவிட அகன்ற நிற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் புரொஃபைலைக் கண்டுகொள்ளாத லேபில் படம் வெளுத்துச் சோர்ந்து வரும். போட்டோஷாப்பில் 'கன்வெர்ட் டு புரொஃபைல்' கொடுத்து மாற்றுங்கள். பக்கத்திலேயே இருக்கிற 'அசைன்' வேறு சமாச்சாரம், அது புரொஃபைலின் பெயரை மட்டும் மாற்றும், அதனால் நிறமே வேறாகத் தெரியும்.

லேபில் கொடுக்கும்போது மறக்காமல் சொல்ல வேண்டியது, 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்க'. பனிமூட்டத்தைக் கண்டால் மெஷின் கான்ட்ராஸ்ட் குறைவான படம் என்று நினைத்து ஏற்றிவிடும், பாதிப் பனி காணாமல் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் இன்னும் கஷ்டம். மாப்பிள்ளையின் சேலம் வெண்பட்டு வேட்டிக்கு ஒரு மெல்லிய பால் நிறம் உண்டு, மெஷின் அதை மஞ்சள் பிழை என்று திருத்தி நீலம் பூசிய வெள்ளையாக்கும், கூடவே முகமும் கெட்டுவிடும். என்னைக் கேட்டால், வேட்டியும் முகமும் சரியாக வந்த ஆல்பத்தில் மற்ற எதையும் மன்னித்துவிடலாம்.

லேபில் அந்தப் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். போட்டோஷாப்பில் வியூ மெனுவில் புரூஃப் செட்டப், கஸ்டம் போய் அதைத் தேர்ந்தெடுத்தால், தாளில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். சிமுலேட் பேப்பர் கலர் போட்டதும் படம் சட்டென்று மங்கும், அந்த நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அப்புறம் பாருங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் எடுத்த பழுத்த காப்பிப் பழத்தை இப்படிப் பார்த்தால் விஷயம் புரியும். திரையில் ஒவ்வொரு பழத்திலும் தெரிகிற மினுக்கமும் நிழலும், மேட் பேப்பரில் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும், ஏனென்றால் அந்தத் தாளால் அவ்வளவு அடர்த்தியான சிவப்பைக் காட்ட முடியாது. அதற்காக மொத்தப் படத்தையும் குறைக்க வேண்டாம், சிவப்பின் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) மட்டும் கொஞ்சம் இறக்கினால் பழத்தின் உருண்டை திரும்பி வரும். பளபளப்புப் பேப்பரில் இந்தத் தொல்லை குறைவு.

வீட்டு இங்க்ஜெட்டில் போடுகிறவர்கள், நிறத்தை ஒரே ஒரு இடத்தில் மட்டும் கையாள விடுங்கள். போட்டோஷாப் பார்த்துக்கொண்டால் பிரிண்டர் டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்ட்டை அணைத்தாக வேண்டும், இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் சிவந்துவிடும். டிரைவரில் பேப்பர் வகையும் சரியாக இருக்கட்டும். மை காய நேரம் கொடுத்து மறுநாள் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெரிய பிரிண்டுக்கு முன் அதே படத்தில் முகமும் வெள்ளையும் இருக்கிற பகுதியை வெட்டி, அப்படியே ஒன்று, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி ஒன்று, இன்னும் கூட்டி ஒன்று என்று ஒரே 4க்கு 6 தாளில் போட்டுப் பாருங்கள். பார்க்கிற வெளிச்சம் முக்கியம். அச்சுத் தொழிலில் 5000 கெல்வின் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள், வீட்டில் நேர் வெயில் விழாத ஜன்னலோரம் போதும். மஞ்சள் எல்இடிக்குக் கீழே அரக்குப் பட்டும் வெள்ளையும் வேறு நிறம் காட்டும். படம் மாட்டப்போகிற கூடத்தில் அந்த மஞ்சள் விளக்குதான் என்றால், துண்டுகளை அங்கேயே சுவரில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்தப் படத்துக்கு அதுதான் சரியான வெளிச்சம்.

தேர்ந்தெடுத்த திருத்தத்தைத் தனிப் பிரதியில் சேமித்து, ஃபைல் பெயரிலேயே லேபையும் பேப்பரையும் குறித்துவிடுங்கள், மூல ஃபைலைத் தொட வேண்டாம்.