பழைய வீட்டை இடிப்பதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வரைபடம் கீறிக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், வெளிநாட்டுப் பணத்தில் தாய் தகப்பனின் வீட்டைப் புதுப்பிக்கப் புறப்படும் குடும்பங்களும் வருடா வருடம் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையெழுத்து விடுபடுவது, பிரதி குறைவது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. விண்ணப்பம் கொடுக்கும்போதே அவை திருத்தப்பட்டுவிடும். இன்றைய விதிகளுக்கு அமையாத பழைய வீட்டை மீளக் கட்டுகிறவர்களுக்குத்தான் இது.

அனுமதிக்கு முன் இடித்தல்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நல்லூர்ப் பக்கம், ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு பரப்புக்கு (பத்துப் பேர்ச்) சற்றுக் கூடிய காணி. தலைவாசல் திண்ணை ஒழுங்கையின் விளிம்பிலேயே இருந்தது. குசினியின் பின்சுவர் அயலவரின் எல்லையில் நின்றது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள். ஓடும் மரமும்தான் பழுது. கனடாவில் இருந்த மகன் வைகாசியில் நல்ல நாள் பார்த்துவிட்டார். "பழைய அத்திவாரத்தில்தானே கட்டுகிறோம், யார் கேட்கப்போகிறார்கள்?" என்று கொந்தராத்துக்காரர் தைரியம் கொடுத்தார். ஜேசிபி வந்தது. நிலைகளும் தீராந்திகளும் விலைப்பட்டன, கல் லொறியில் போனது. அதன்பிறகுதான் வரைபடத்துக்கு என்னிடம் வந்தார்கள். அந்த அம்மா வெறுங்காணியில் நின்று, "இதிலேதான் தம்பி எங்கள் அறை இருந்தது" என்று காலால் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டை நான் எந்தப் படத்தில் காட்டுவது?

விஷயம் இதுதான். விதி வருவதற்கு முன் கட்டிய வீடு, நிற்கும்வரை நிற்கலாம். அந்தச் சலுகை நிற்கிற சுவருக்கு உரியது. சுவர் போனால் சலுகையும் போய்விடும், பழைய அத்திவாரம் அதைக் காப்பாற்றாது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே கட்டுவதற்கும் மீளக் கட்டுவதற்கும் முன் அனுமதி கேட்கிறது. நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்திய இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அனுமதியின்றிக் கட்டினால் முதலில் அறிவித்தல் வரும். கேளாவிட்டால் நீதவானின் கட்டளையோடு இடிப்பதுவரை போகும்.

தரைமட்டமான காணி வெறுங்காணிதான். வீதிக் கோடு (வீதிக்காக ஒதுக்கிய எல்லை), கட்டடக் கோடு (கட்டடம் தாண்டக்கூடாத எல்லை), பின்புற வெளி, அறைகளுக்கான காற்றும் வெளிச்சமும் எல்லாம் முழுமையாகப் பார்க்கப்படும். முன்னால் திண்ணையும் முன்னறையும் போயின, பின்னால் குசினி போனது. மிஞ்சிய நிலத்தில் மூன்று அறை கொள்ளாததால் மாடி எடுக்க வேண்டி வந்தது. தூண், சிலாப், படிக்கட்டு என்று செலவு ஏறியது. முழங்கால் நோவுள்ள அம்மாவின் அறை மேலே போய்விட்டது.

முன்பே வந்திருந்தால் வழி இருந்தது. சுவர்களை நிறுத்திக்கொண்டு கூரையையும் தரையையும் புதுப்பிப்பது ஒரு வகை விண்ணப்பம். முழுதாக இடித்துக் கட்டுவது இன்னொரு வகை. முதலாவதற்கும் உள்ளூராட்சி சபையிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும், ஆனால் பேசுவதற்கு இடம் இருக்கிறது. கூடுதல் அறையை விதிக்கு அமையும் பக்கத்தில் சேர்த்திருக்கலாம்.

ஆகவே ஓர் ஓட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன், அனுமதிப்பத்திரம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு காணியை மட்டுமல்ல, நிற்கிற வீட்டையும் படத்தில் குறிக்கச் செய்யுங்கள். ஒழுங்கையின் நடுவிலிருந்து முன்சுவருக்கு எவ்வளவு, பின்சுவரிலிருந்து எல்லைக்கு எவ்வளவு என்று நாடாவைப் பிடித்து, இலக்கம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். நாள் பார்ப்பதை அனுமதி கைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சாத்திரியார் இன்னொரு நாள் தருவார், இடித்த சுவரை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

சோலைவரி ரசீதை அனுமதியாக நினைத்தல்

சோலைவரி என்பது வீட்டுக்காகச் சபைக்குக் கட்டும் வரி. வரி கட்டியதற்கு மட்டுமே அந்த ரசீது சான்று.

வீதி யாருடையது என்று பாராமல் விடுதல்

ஒழுங்கை பெரும்பாலும் உள்ளூராட்சி சபையுடையது. கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. இடைப்பட்ட பல வீதிகள் மாகாணத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. மூலைக் காணியானால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டி வரலாம். இன்றைய தார் விளிம்பை எல்லையாக எடுக்காதீர்கள். அகலிப்புக்காக ஒதுக்கிய கோடு உங்கள் மதிலுக்கு உள்ளேயே விழலாம்.

மதிலை முதலில் கட்டுதல்

வீதியோர மதிலுக்கும் அனுமதி வேண்டும்.

கிணற்றை மறத்தல்

பழைய வீடுகளில் மலசலகூடம் கோடிக்குள் (வீட்டின் பின்வளவில்) தனியாக இருந்தது. புது வரைபடத்தில் அது வீட்டுக்குள் வருகிறது, குழியும் கூடவே நகர்ந்து கிணற்றை நெருங்குகிறது. நம் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடாகக் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றில் கலந்துவிடும். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் நாம் பெரும்பாலும் நம்பியிருப்பது நிலத்தடி நீரைத்தானே? விதி கேட்கும் தூரத்தை உங்கள் கிணற்றுக்கு மட்டும் அளக்காமல், வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் கிணற்றுக்கும் அளந்து படத்தில் போடுங்கள். பல வரைபடங்களில் அயல் கிணறு இருப்பதில்லை. புதியவர்களிடம் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

குடிபூரலோடு (புதுமனை புகுதலோடு) முடிந்தது என்று எண்ணுதல்

கட்டி முடித்த வீட்டுக்கு, அனுமதித்த வரைபடப்படி கட்டியதாகச் சபை தரும் இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதில்லாமல் குடியிருப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. வேலையின் நடுவே ஜன்னலையோ படிக்கட்டையோ இடம் மாற்றினால், திருத்திய வரைபடத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள். குடிபூரல் முடிந்து, கனடாவிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனபின், காணி உறுதியில் பெயர் உள்ளவரின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும்.