உறைந்த தமனி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்ப்புக்குக் கொண்டுவரும் முறை

மனிதத் தமனியின் வெளியுறையில் காணப்படும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்கள் ஆய்வகத்தில் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காக்கப்படுவதால், செல்கள் வளரும் ஊட்டநீர்மமான வளர்ப்பு ஊடகத்தை முதலில் வெதுவெதுப்பாக்கி வைத்துக்கொண்ட பிறகே குப்பியை வெளியே எடுக்க வேண்டும். மூடி நனையாதவாறு குப்பியை 37 டிகிரி செல்சியஸ் நீர்த்தொட்டியில் மெல்ல அசைத்து, சிறு பனித்துணுக்கு எஞ்சும்போதே, ஏறத்தாழ 2 நிமிடங்களுக்குள் எடுத்து, 70 சதவீத எத்தனாலால் துடைத்து, வடிகட்டிய காற்று பாயும் உயிர்ப்பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் மட்டுமே திறந்து, செல்களை வெதுவெதுப்பான ஊடகமுள்ள குடுவைக்கு மாற்ற வேண்டும். உறைகாப்புக்குச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் செல்களுக்குத் தீங்கானது, மறுநாளே ஊடகத்தை மாற்றிவிடுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர் ஆய்வகங்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்று பூஞ்சை வளர ஏதுவாக இருப்பதால், நீர்த்தொட்டியைச் சுத்தம் செய்து வாரந்தோறும் புதுநீர் நிரப்புவதைக் கட்டாயமாகவே கருதுகிறேன். 5 சதவீதக் கரியமில வாயு கலந்த காற்றில் வளரும் செல்கள் குடுவைப் பரப்பில் 80 சதவீதத்தை மூடியதும் டிரிப்சின் என்ற நொதியால் பிரித்துப் புதுக் குடுவைகளுக்கு மாற்றலாம்.