விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

மூளையில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அடுப்பில் வைத்ததை மறக்கிறார், பிள்ளைகள் சத்தம் போட்டால் கையை ஓங்குகிறார், சில்லறை எண்ணத் தடுமாறுகிறார் என்பதெல்லாம் கூடவே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வழக்கில் நீதிபதியும் அந்த விருந்தாளியைப் போலத்தான். காகிதத்தில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதனால் இந்த வழக்கின் பாதி வேலை, வெளியில் தெரியாத காயத்தைக் காகிதத்தில் கொண்டுவருவது.

அடுத்தவர் அஜாக்கிரதையால் நடந்த சாலை விபத்துக்கு, தமிழ்நாட்டில் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆஸ்பத்திரியில்

சேர்த்த உடனே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்பார்கள். எந்த வண்டி மோதியது, எப்படி மோதியது, நினைவு தப்பியதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் யாரோ "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று மட்டும் சொல்லி அது பதிவாகிவிட்டால், பின்னால் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் கிளாஸ்கோ கோமா அளவு இருக்கிறதா என்று பாருங்கள். முழு நினைவுக்கு 15, மிகக் குறைவு 3. எட்டோ அதற்குக் கீழோ இருந்தால் கடுமையான மூளைக்காயம். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கைகளோடு படங்களையும் வாங்கி வையுங்கள். மருந்து ரசீது, ஆம்புலன்ஸ், ஆட்டோ செலவு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

2. போலீஸ் நிலையத்தில்

எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். அதோடு பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் போலீசார் பார்த்து எழுதும் குறிப்பு), சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிற்பாடு குற்றப்பத்திரிகை ஆகியவை தேவைப்படும். மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் விவரமும் முக்கியம். 2022 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் பாதை வேறு. அரசின் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், வருவாய்த் துறை அதிகாரி வழியாகக் கிடைக்கும். மூளைக்காயத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. அதனால் சிசிடிவி இருக்கிற கடைகளில் உடனே விசாரியுங்கள்.

3. மனு போடுவது

மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தக் கெடு இருக்கிறது. "முதல்ல ஆள் தேறி வரட்டும்" என்று காத்திருக்காதீர்கள். மனுவை இப்போது போடலாம், ஊனத்தின் அளவைப் பிறகு நிரூபிக்கலாம். கெடு தாண்டிப்போயிருந்தாலும் கைவிட வேண்டாம். அந்த விதி உச்ச நீதிமன்றத்திலேயே கேள்விக்குள்ளாகியிருக்கிறது, வக்கீலைப் பாருங்கள்.

விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். அடிபட்டவர் புரிந்து கையெழுத்துப் போடும் நிலையில் இல்லை என்றால், நீதிமன்ற அனுமதியோடு மனைவியோ அப்பா அம்மாவோ அவர் சார்பில் வழக்கு நடத்தலாம்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐக் கூப்பிடுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

4. தெரியாத காயத்தைத் தெரிய வைப்பது

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். ஒரு நோட்டு போட்டுத் தேதி வாரியாக எழுதுங்கள்: இன்று வலிப்பு வந்தது, வழி தெரியாமல் நின்றார், தூங்கவில்லை, வாசனை தெரியவில்லை என்கிறார். ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் இதைச் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, நினைவாற்றல், கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றை அளக்கும் நரம்பு உளவியல் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கேன் காட்டாததை இது காட்டும். கூட வேலை பார்த்தவரோ மேஸ்திரியோ, "முன்னாடி இப்படி இருந்தார், இப்போ இப்படி இருக்கிறார்" என்று சாட்சி சொன்னால் பெரிய பலம்.

5. கணக்கு

மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று எழுதலாம். ஆனால் வருமான இழப்பும் 40 சதவீதம்தான் என்று பொருளில்லை. அவர் செய்த தொழிலை இனி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வலிப்பு வருகிறவர் கட்டடச் சாரத்தில் ஏற முடியாது.

மாதம் 15,000 சம்பாதித்த 32 வயது பெயிண்டரை எடுத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; அந்த வயதுக்குப் பெருக்கு எண் 16. இனி அந்தத் தொழிலே செய்ய முடியாது என்றால் மொத்தம் 40,32,000 ரூபாய். இதையே 40 சதவீதமாகக் கணக்கிட்டால் 16,12,800 தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

சிகிச்சை, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் செலவு எல்லாம் தனி. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளைக்காய வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், பார்த்துக்கொள்ள இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 10,000 என வைத்து, ஓராண்டுத் தொகையை 18 ஆல் பெருக்கி, அதற்கு மட்டுமே 21,60,000 ரூபாய் கொடுத்தது. வீட்டில் அம்மாவே பார்த்துக்கொண்டாலும் அதுவும் உழைப்புதான். கேளுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை என்றால் ஒரு பங்கைக் கழிக்கலாம். அதற்காக வழக்கே இல்லை என்று ஆகிவிடாது.

6. சமரசம், தீர்ப்பு

இரு தரப்பும் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சீக்கிரம் பணம் வரும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. ஊனம் எவ்வளவு என்று தெரியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்ப்பு வந்தபின் 30 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும். மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. அடிபட்டவரால் பணத்தை நிர்வகிக்க முடியாது என்றால், நீதிமன்றம் அதை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வட்டியைக் குடும்பம் எடுக்கும்படி உத்தரவிடும். திடீர்ச் சிகிச்சைக்கு அசலில் கொஞ்சம் தேவைப்பட்டால் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து எடுக்கலாம். தொகை போதாது என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.