விண்டோஸ் 10-லேயே இருப்பதா, 11-க்கு மாறுவதா? வேலூர்ப் பக்கத்துக் கடைக்கும் வீட்டுக்கும் ஒரு செய்முறை

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதற்காக மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரும் படுத்துவிடவில்லை. டாலி கணக்கு மென்பொருள் திறக்கிறது, பிரவுசர் ஓடுகிறது, பிரிண்ட் வருகிறது. படி 6-ல் சொல்லும் நீட்டிப்பில் சேராவிட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க மட்டும் இனி ஆள் இல்லை. இந்தத் தேதியைக் காட்டி "புது சிஸ்டம் வாங்கிடுங்க சார்" என்கிறவர்களும் உண்டு, "பத்தே போதும், ஒண்ணும் ஆகாது" என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே உங்கள் மிஷினைத் திறந்து பார்த்துச் சொல்வதில்லை. காட்பாடியில் வீட்டு லேப்டாப் வைத்திருப்பவருக்கும் ஆற்காட்டில் அடகுக்கடை பில் போடுபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

படி 1: முதலில் மென்பொருள், பிறகுதான் மிஷின்

பலரும் ப்ராசஸரிலிருந்து தொடங்குவார்கள். அது தவறான இடம். ஒரு தாளில், அந்தக் கம்ப்யூட்டரில் தினமும் ஓடும் புரோகிராம்களையும் அதில் செருகும் கருவிகளையும் எழுதுங்கள். பிரிண்டர், கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பார்கோடு ரீடர், எடை மெஷின் எதையும் விடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் மிகவும் சிக்கலானது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழைய பில்லிங். அடகுக்கடை, அரிசி மண்டி, பட்டு ஜவுளிக் கடைகளில் கறுப்புத் திரையில் ஓடும் ஃபாக்ஸ்புரோ கணக்கு இன்னும் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அது 32-பிட் விண்டோஸில்தான் நேரடியாக ஓடும். 64-பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராமை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே இல்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபௌட் போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். '32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்று இருந்து, உங்கள் பில்லிங்கும் கறுப்புத் திரையில் ஓடுகிறது என்றால், அந்த மிஷினை அப்படியே விட்டுவிட்டு இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிடுவதுதான் இப்போதைக்கு நல்லது. நெட் வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மாறியே ஆகவேண்டுமென்றால், டேட்டா ஃபோல்டரை 64-பிட் மிஷினுக்குக் காப்பி செய்து, விடாஸ் என்ற மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். இதே வேலைக்குப் பலர் சொல்லும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுக்காகச் செய்யப்பட்டது, அதில் பிரிண்ட் எடுப்பது தொல்லை. விடாஸ் கணக்கு புரோகிராம்களை மனதில் வைத்தே செய்யப்பட்டது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய, ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் பில்லிங் வேறு வகை. அது 11-லும் ஓடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாலி பிரைமுக்கு 64-பிட் விண்டோஸ் வேண்டும், 11-ல் பிரச்சினை இல்லை. கேனன் எல்பிபி 2900 பழசானாலும் அதன் 64-பிட் டிரைவர் 11-ல் வேலை செய்கிறது. டோக்கனுக்கும் கைரேகைக் கருவிக்கும், கருவி செய்த நிறுவனத்தின் தளத்தில் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து, மாறுவதற்கு முன்பே டவுன்லோட் செய்து பென்டிரைவில் போட்டுவையுங்கள். தமிழ் 99 விசைப்பலகை 10, 11 இரண்டிலும் கூடவே வருகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். டிடிபி செய்கிறவர்கள் இந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.

படி 2: ப்ராசஸர் எந்தத் தலைமுறை?

அதே அபௌட் பக்கத்தில் 'ப்ராசஸர்' என்ற வரி இருக்கும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5, ஐ7-க்குப் பின் வரும் எண்ணைப் பாருங்கள். 7400 என்றால் 7-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8. எண் 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படிக்கவேண்டும்: 10110 என்றால் 10, 1135 என்றால் 11. 8-ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் விண்டோஸ் 11 பட்டியலில் உண்டு. ஏழும் அதற்குக் கீழும், ஒருசில விதிவிலக்கு தவிர, இல்லை.

ஏஎம்டியில் ரைசன் 3000 வரிசை முதல் நிம்மதி. 2000 வரிசையில்தான் ஏமாறுவார்கள்: ரைசன் 5 2600 பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஜி, யூ என்று முடியும் 2200ஜி, 2500யூ இரண்டும் இல்லை. எண் 2000-ல் தொடங்கினாலும் அவை உள்ளுக்குள் முந்தைய தலைமுறைச் சில்லு.

அரசுப் பள்ளி, கல்லூரிகளில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இந்தப் பக்கத்து வீடுகளில் நிறைய இருக்கிறது. 2017-க்கு முன் கொடுத்தவற்றை விண்டோஸ் 11 கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அவற்றுக்கான வழி படி 6-ல்.

கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய புரோகிராமை ஓட்டுங்கள். ஆனால் அது "இந்த மிஷின் ஆகாது" என்று சொன்னவுடன் மூடிவிடாதீர்கள். எதனால் ஆகாது என்று கீழே எழுதியிருக்கும். ப்ராசஸர் என்றால் கதை முடிந்தது. டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் தொடங்கவிடும் காவல்) என்றால் பெரும்பாலும் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்கில், ஒரு ஸ்விட்ச்தான்.

படி 3: ரேமும் டிஸ்க்கும்

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் போதும் என்பது பெட்டிமேல் எழுதிய மைலேஜ் மாதிரி. நிஜத்தில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) இல்லாமல் 11-ஐப் போடாதீர்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'டிஸ்க் 0' பாருங்கள். பக்கத்திலேயே எச்டிடியா (பழைய சுழலும் டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று இருக்கும். எச்டிடி என்றால், கம்ப்யூட்டர் ஆன் செய்து பத்து நிமிஷம் அந்த டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பதையும் பார்ப்பீர்கள். மெதுவாக இருப்பதற்குக் காரணம் விண்டோஸ் எண் அல்ல, இந்த டிஸ்க். 10-லேயே இருக்க முடிவு செய்தாலும் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாற்றுவதுதான் காசுக்கு மதிப்பான செலவு.

ரேம் வாங்கும்முன் அதே பக்கத்தில் 'மெமரி'யைச் சொடுக்கி எத்தனை ஸ்லாட் காலி என்று பாருங்கள். 4-ஆம் தலைமுறை லேப்டாப்புக்கு டிடிஆர்3எல், 8-க்கு மேல் பொதுவாக டிடிஆர்4. 6, 7-ஆம் தலைமுறையில் இரண்டும் உண்டு, அதனால் பழைய ரேமைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவதே சரி.

படி 4: டிபிஎம், செக்யூர் பூட், அதில் வரும் வினை

8-ஆம் தலைமுறை அசெம்பிள்ட் டெஸ்க்டாப்புகளில் டிபிஎம் அணைக்கப்பட்டே வந்திருக்கும். ஆன் செய்யும்போது டெலிட் கீயை (டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10) விடாமல் தட்டி பயாஸுக்குள் போங்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். அதை 'எனேபிள்' செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடும் மிஷினாக இருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பூட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

அடுத்து செக்யூர் பூட். இதற்கு 'சிஎஸ்எம்' அல்லது 'லெகசி' என்ற பழைய பூட் முறையை அணைக்கவேண்டும். அவசரப்பட்டு அணைத்தால் "பூட் டிவைஸ் இல்லை" என்று கறுப்புத் திரை வரும். டேட்டா எதுவும் போகவில்லை. மறுபடி சிஎஸ்எம்-ஐ ஆன் செய்தால் பழையபடி வரும். காரணம், உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது, புது பூட் முறைக்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை வேண்டும். முன்கூட்டியே தெரிந்துகொள்ள, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து டிஸ்க் 0 மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் போங்கள். 'பார்ட்டிஷன் ஸ்டைல்' என்ற வரியில் எழுதியிருக்கும்.

எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10-லேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு சாய்கோடு போட்டு 'வேலிடேட்', மறுபடி இடைவெளி விட்டு சாய்கோடு போட்டு 'அலோஃபுல்ஓஎஸ்' என்று கொடுங்கள் (mbr2gpt /validate /allowFullOS). இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. 'வெற்றி' என்று வந்தால் 'வேலிடேட்' இருக்குமிடத்தில் 'கன்வெர்ட்' போட்டு மறுபடி ஓட்டுங்கள். முடிந்த பிறகுதான் சிஎஸ்எம்-ஐ அணைக்கவேண்டும்.

சோதனையே தோற்றுவிட்டால்? நம் ஊர் அசெம்பிள்ட் சிஸ்டங்களில் இதற்கு முக்கியக் காரணம் சி, டி, இ, எஃப் என்று நான்கைந்து டிரைவ் பிரித்துக் கொடுத்திருப்பது. அவற்றில் சில 'லாஜிக்கல்' பார்ட்டிஷன்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பச்சைக் கட்டத்துக்குள் தெரியும். இந்தக் கருவி அவற்றை ஏற்காது. டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு அவற்றை அழிக்கலாம். ஆனால் அதைவிடச் சுலபமான வழி, புது எஸ்எஸ்டி வாங்கி அதில் புதிதாக விண்டோஸ் 11 போடுவது. இன்ஸ்டால் செய்யும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் அந்த டிஸ்க்கை எடுத்தால் புதுசும் திறக்காது. எல்லாம் முடிந்தபின் பழையதை மாட்டினால் டேட்டா டிஸ்க்காக வேலை செய்யும்.

படி 5: மாறுவது என்று முடிவானால்

படி 2-ல் தேறிய ப்ராசஸர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, டாஸ் பில்லிங் இல்லை: இந்த நான்கும் இருந்தால் யோசிக்காமல் 11-க்குப் போங்கள். அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் இலவசம்.

'அசல்' என்ற சொல்லைச் சோதித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நல்லது. வீட்டு மிஷினில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்ற பொருளில் ஏதாவது தெரிந்தால், யாரோ கிராக் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலையும் திறந்து பாருங்கள். கிராக் போடுகிறவர்கள் டிஃபெண்டர் தடுக்காமலிருக்க ஒரு ஃபோல்டரை அங்கே சேர்த்துவிட்டுப் போவார்கள். அந்த மிஷினில் பேங்க் வேலை செய்வது ஆபத்து. 10, 11 எதுவானாலும் சுத்தமாக ஃபார்மட் செய்துதான் தொடங்கவேண்டும்.

பேக்கப்பை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள். டி டிரைவில் காப்பி போடுவது பேக்கப் ஆகாது, இரண்டும் ஒரே டிஸ்க். ஃபார்மட் செய்வதானால் டாலி லைசென்ஸை முதலில் சரண்டர் செய்யுங்கள். டவுன்லோட் பல ஜிபி இருக்கும், ஒருநாளைக்கு 1.5 ஜிபி மொபைல் பேக்கில் முடியாது. வைஃபை இருக்கும் இடத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் உள்ளிருந்தே பென்டிரைவில் உள்ள 'செட்டப்'பைச் சொடுக்கி, 'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எதுவும் அழியாது.

டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் கட்டாயம், லேப்டாப்பைச் சார்ஜரிலேயே வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் பழையதும் திறக்காமல் புதியதும் திறக்காமல் நிற்கக்கூடும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் மதியம் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். தூசி அடைத்த ஃபேனோடு சூடேறிய லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அரைமணி வேலை இரண்டு மணிக்கு இழுக்கும். காலையில் செய்யுங்கள்.

படி 6: 10-லேயே இருப்பது என்றால்

மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட் தருகிறது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கவேண்டும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சைன் இன் செய்திருக்கவேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நௌ' தெரியும். செட்டிங்ஸை அக்கவுண்டோடு சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசில்லை. இல்லாவிட்டால் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது ஒருமுறைக் கட்டணம். கம்பெனி டொமைனில் சேர்த்த மிஷினுக்கு இந்த வழி கிடையாது.

இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்கும் ருஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு சோதனைகளைத் தாண்டி, பட்டியலில் இல்லாத மிஷினில் 11 போட்டுத் தருகிற கடைகள் உண்டு. ஓடும்தான். ஆனால் அப்டேட்டுக்கு உரிமை இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, அடுத்த பெரிய பதிப்பு தானாக வராது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு முதல் கோர் 2 டியோ காலத்து ப்ராசஸர்களில் பூட்டே ஆகாது. கணக்கு வைக்கும் மிஷினுக்கு இது வேண்டாம்.

படிப்பு, பிரவுசிங், தட்டச்சு மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போடலாம். 2029 வரை அப்டேட் உண்டு. அந்தப் பழைய விலையில்லா மடிக்கணினிக்கும், ரேமை 4 ஜிபிக்கு ஏற்றிவிட்டால், இதுதான் பொருத்தம். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, பிரிண்டர், தமிழ் 99 மூன்றையும் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன எல்பிபி 2900 அங்கே அடம்பிடிக்கும். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கும் கடைக்காரர்கள் லினக்ஸ் பக்கம் போகாதீர்கள். அந்தக் கருவியை ஆதாரோடு இணைக்கும் 'ஆர்டி சர்வீஸ்' மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியது.

படி 7: முதல் பத்து நாள்

11 போட்டபின் பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் 'கோ பேக்' அழுத்தித் திரும்பலாம். ஃபார்மட் செய்து போட்டவர்களுக்கு இந்த வழி இல்லை. இடம் பிடிக்கிறதே என்று 'டிஸ்க் கிளீனப்'பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிட்டாலும் வழி அடைந்துவிடும்.

மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் கடைகளில் 20-ஆம் தேதிக்குப் பிறகு மாறுங்கள். 11-ல் ஜிஎஸ்டிஆர்-1, 20-ல் 3பி என்று இரண்டு கெடுவும் தாண்டியிருக்கும். மாறிய அன்றே போர்டலில் நுழைந்து டோக்கன் கையெழுத்தை ஏற்கிறதா என்று சோதியுங்கள், ஒரு பில் பிரிண்ட் எடுங்கள், கைரேகைக் கருவியை ஒருமுறை ஓட்டுங்கள். அடுத்த கெடுவையும் இதே மிஷினில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றினால், விண்டோஸோடு வரும் 'டிஸ்ம்' கமாண்டின் 'செட் ஓஎஸ் அன்இன்ஸ்டால் விண்டோ' வசதியால் அந்த 10 நாளை 60 வரை நீட்டிக்கொள்ளலாம். ஆனால் முதல் 10 நாளுக்குள் அதைக் கொடுத்துவிடவேண்டும்.